வேண்டாமக்கா பேசிய விளம்பரம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது கரண்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் அவள் வேண்டாமக்கா. போனை நீட்டிக்கொண்டு, "அக்கா, இதை வாங்கலாமா?" என்று யார் வந்து நின்றாலும், பத்தில் எட்டுப் பேருக்கு அவளிடமிருந்து வருகிற பதில் அந்த ஒரு சொல்தான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அதற்காக அவளுக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். கோபமெல்லாம் வேறு ஒரு ஆள் மேல், அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் தொழில் தையல். மருந்துக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் கையை விரித்து நின்றால் சுவரில் இடிக்கிற அகலத்தில் ஒரு கடை. உள்ளே இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று, ஒரு வெட்டுப் பலகை, அதற்கு மேலே ஒரு ட்யூப்லைட், வாசலை ஒட்டி மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப் போனவர்களுக்குப் பிரித்து விடுவது, இளைத்துப் போனதாக நினைத்துக்கொள்பவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, இதுதான் வேலை. ஆனால் அந்தப் பெஞ்சில் பாதிப் பேர் கையில் துணி இருக்காது, போன்தான் இருக்கும். வீட்டிலிருந்தே எதையாவது ஆன்லைனில் விற்றுப் பிழைக்கலாம் என்று கிளம்பியவர்கள். விற்கத் தொடங்கும் முன்பே அவர்களுக்கு எதையாவது விற்றுவிட ஒரு கூட்டம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இவளிடம் வருகிறார்கள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவர் அப்படித்தான் வந்தார். மனைவி செய்கிற சோப்பை விற்பதற்கு ஒரு பக்கம் ஆரம்பித்திருந்தார். பின்தொடர்கிறவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர், அதில் பாதி மச்சான் வீட்டு ஆட்கள். ஒரே நாளில் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவன் அவருக்கு ஆசை காட்டியிருந்தான். இவள் காஜா போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தப் பத்தாயிரம் பேரும் குளிப்பாங்களாண்ணே?"

அவருக்குப் புரியவில்லை, தலையைச் சொறிந்தார். உடம்பு என்று ஒன்று இருக்கிறவன்தானே குளிக்க வேண்டும், குளிக்கிறவன்தானே சோப்பு வாங்க வேண்டும், அவன் விற்பது வெறும் எண்ணிக்கை, அதில் ஒரு ஆள்கூடக் கிடையாது என்று இவள் விளக்கினாள். அந்தக் காசுக்கு இருபது சோப்பை இரண்டாக வெட்டி, வேனில் வருகிற பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் பாதிப் பாதியாகக் கொடுத்தனுப்பச் சொன்னாள். அவர் போய்ச் செய்தார். இன்றைக்கும் பின்தொடர்கிறவர்கள் இருநூறைத் தாண்டவில்லை, ஆனால் மனைவிக்கு ஒத்தாசைக்கு ஆள் வைத்திருக்கிறார்.

ஆன்லைனில் விற்கக் கற்றுத் தருகிறோம் என்கிற வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு அவள் வைக்கிற பரீட்சை ஒன்றே ஒன்று. விளம்பரத்தில் "நான் ஜெயிச்சுட்டேன்" என்று பேசுகிறவர்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்களில் யாரையாவது தேடிப் பிடி. பிடித்து, "நீங்க விக்கறதுல எனக்கு ஒண்ணு அனுப்புங்க, காசு தர்றேன்" என்று கேள். பொருள் வந்தால் மேற்கொண்டு பேசலாம். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். மீதிப் பேர் எதை விற்பார்கள் தெரியுமா, அதே வகுப்பைத்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளைக்குக்கூடப் பொறுக்க விடாமல்தான் "இன்னும் மூணே இடம்" என்று விரட்டுகிறார்கள் என்பாள்.

அவள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் இல்லை. பொம்மை பின்னி விற்கிற ஒரு பெண், விலாசச் சீட்டு அச்சடிக்கும் மெஷின் ஒன்று யாரோ பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லி வந்தாள். இவள் என்ன நினைப்பில் இருந்தாளோ, படத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் பெண் மூன்று மாதம் கையாலேயே விலாசம் எழுதி மணிக்கட்டு வீங்கிப் போனாள். அந்த மெஷினை வாங்கிய வேறொருவர் ராஜா மாதிரி வேலை செய்துகொண்டிருந்தார். இவள் நேராக அந்தப் பெண் வீட்டுக்கே போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பொருளைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.

சரி, ஒரு தையல்காரிக்கு இதெல்லாம் எப்படி அத்துப்படி ஆயிற்று என்றால், பட்ட பாடுதான். அதுவும் சாதாரணப் பாடு இல்லை. ஏமாந்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. ஏமாந்ததோடு, அடுத்தவர்களை ஏமாற்றத் தன் முகத்தையே கொடுத்துவிட்டு வந்தவள் இவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம். கிழிந்ததைத் தைப்பதைவிடப் புதுசு வாங்குவது மலிவாகிப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் கோட்டு அவள் போனுக்குள் வந்தார். அந்த ஆளுக்கு அவள் வைத்த பெயர் அது. வியர்த்து ஊற்றுகிற வெயிலில் தோட்டத்தில் நின்று பேசினாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். வீட்டிலிருந்தே வியாபாரம் செய்வது எப்படி என்று வகுப்பு நடத்துகிறார். வகுப்போடு, விற்பதற்கு ஒரு பெட்டி நிறையக் குழந்தைகள் கவுனும் கொடுக்கிறார். ஓவர்லாக் மெஷின் வாங்குவதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்த பணத்தை இவள் அப்படியே தூக்கிக் கொடுத்தாள்.

முதல் நாள் காலை, ஒரு நாற்காலிக் கடையின் மாடியில் இருந்த கூடத்தில் நாற்பது பேரை உட்கார வைத்தார்கள். பாடம் எதுவும் தொடங்கவில்லை. கோட்டு மைக்கைப் பிடித்து, முதலில் ஒரு பயிற்சி என்றார். மனசுக்குத் தைரியம் வர வேண்டும், அதனால் ஒவ்வொருவராக வந்து கேமரா முன்னால் நின்று, மூன்று மாதம் கழித்து நாம் எப்படி இருப்போமோ அதை இப்போதே நடந்து முடிந்துவிட்டது மாதிரிப் பேச வேண்டும். நிறையப் பேர் திக்கித் திணறினார்கள். இவளுக்கு என்ன, கடையில் வாடிக்கைக்காரர்களோடு பேசிப் பேசி வாய் நன்றாகப் பழகியிருந்தது. கல்யாண வீட்டுக்கென்று வைத்திருந்த பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். போய் நின்று, வெட்கம் பார்க்காமல் பேசினாள்.

"நான் ஒரு சாதாரண தையல்காரி. மூணே மாசத்துல என் வாழ்க்கையே மாறிடுச்சு. இப்ப மாசம் ஒரு லட்சம் சம்பாதிக்கறேன். என்னால முடிஞ்சதுன்னா உங்களால முடியாதா?"

அந்தக் கடைசி வரியை யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகவே சேர்த்தது. கூடம் முழுக்கக் கைதட்டியது, பேசி முடிக்கும்போது அவளுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது மணி பதினொன்று. அதுவரை அவள் ஒரு கவுனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. வெளியே வரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பயிற்சிக்காக என்றார்கள், போட்டாள்.

பெட்டி இரண்டு வாரம் கழித்து வந்தது. ஒரு மீட்டர் துணி வாங்குவதற்குள் இழுத்துப் பார்த்து, கசக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைக்காரனைப் பாடாய்ப் படுத்துகிறவள். அப்படிப்பட்டவள் நாற்பது கவுனைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கியிருந்தாள். பக்கத்துத் தையலை லேசாக இழுத்தாள், கையோடு வந்தது. கழுத்து எந்தக் குழந்தையின் தலைக்குள்ளும் போகாத அளவில் இருந்தது. வகுப்பு என்று அனுப்பியதெல்லாம் பதிவு செய்த பேச்சு, ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அடுத்த வகுப்பில் சேர்ந்தால்தான் ரகசியம் தெரியும் என்று வரும். போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கவுன்களில் இருந்த ஜிப்பைப் பிரித்து மற்றவர்கள் கால்சட்டைக்கு வைத்ததுதான் அவளுக்குக் கிடைத்த லாபம்.

இதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மனுஷர், சொன்னால் திட்டக்கூட மாட்டார். ஆனால் மாமியார் இருக்கிறாரே. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று தொடங்கினால் அந்த வருஷம் முழுக்க அதே பேச்சுதான். அதற்குப் பயந்து, போட்ட பணம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். சொன்னதை நிஜமாக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிச் சீருடை மொத்தமாக வாங்கித் தைத்து, முதுகு ஒடிய உழைத்து, ஆறு மாதத்தில் ஓவர்லாக் மெஷினை வாங்கிக் கடையில் வைத்தாள். வகுப்பில் வந்த லாபத்தில் வாங்கியது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்ப விட்டாள்.

அதற்கப்புறம்தான் விளம்பரம் ஓட ஆரம்பித்தது. பச்சை உடுப்பில் அவள், கண்ணில் தண்ணீரோடு, மாசம் ஒரு லட்சம் என்கிறாள். மருந்துக்கடைக்காரர் அவளிடம் கைமாற்றுக் கேட்டார். பேருந்தில் முன்பின் தெரியாத பெண்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாசம் லட்சம் வருது, வீட்டுக்கு வாங்கற பால்ல மட்டும் தண்ணியை ஊத்தறா என்று மாமியார் எதிர்வீட்டில் போய்ச் சொன்னார். கோட்டின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எடுங்கள் அதை என்று கத்தினாள். கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே மேடம் என்று ஒரு பெண் தேனொழுகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போனைத் திறக்கவே அவளுக்குக் கூசியது. தன் முகம் தனக்கு வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அழுதிருக்கிறாள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் ஓரகத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொழுந்தனின் மனைவி, இவளைவிடப் பத்து வயசு சின்னவள், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. ஒரே வீடு, ஒரே அடுப்படி. தனிக்குடித்தனம் போவதற்கென்று முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள், அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்வதில்லை. அந்த வகுப்பு எப்படி அக்கா என்று கேட்டாள். அந்த நிமிஷத்தில் உள்ளதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவளுக்கு வாய் வரவில்லை. "உனக்கெதுக்குடி அதெல்லாம்" என்று மட்டும் சொன்னாள். ஓரகத்தியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தான் மட்டும் சம்பாதித்தால் போதும், அடுத்தவள் மேலே வந்துவிடக் கூடாது என்கிறாள் என்றுதானே விழும். இரண்டு நாள் கழித்து முன்பணம் மொத்தத்தையும் கோட்டுக்குக் கட்டிவிட்டாள்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். ஓரகத்தி சந்தோஷமாகப் பிரித்தாள். அதே கவுன், அதே கழுத்து, அதே மட்ட நூல். இவள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்காலிக் கடை மாடி, பதினொரு மணி, ஜிப், சீருடை, ஓவர்லாக் மெஷின், எல்லாம். மாமியார் "நான் அன்னைக்கே" என்று ஆரம்பித்தவர், மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

ஓரகத்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் அந்தாளு பேச்சை நம்பிக் கட்டலக்கா. உங்க மூஞ்சியை நம்பிக் கட்டினேன்."

இவள், உன்னையும் முதல் நாள் பேச வைத்துப் படம் எடுத்தார்களா என்று மட்டும் கேட்டாள். இல்லை, என் வகுப்பு போனில்தான், அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு ஓரகத்தி எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் பேச்சு அளந்துதான்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி விளம்பரத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். நீங்களே லட்சம் சம்பாதிக்கறேன்னு சொல்றீங்களேம்மா, இதில் மோசடி எங்கே இருக்கு என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இவளுக்கு அழுகை நின்று வெறி வந்தது. போகட்டும், இந்த முகத்தை வைத்துத்தானே ஏய்க்கிறான், இதே முகத்தை வைத்து அவன் கழுத்தைப் பிடிக்கிறேன் என்று முடிவு செய்தாள்.

விளம்பரத்துக்குக் கீழே போய் எழுதினாள். "இது நான். இதைப் பேசினப்ப நான் ஒரு கவுன்கூட விக்கல. வகுப்புல சேர்ந்த முதல் நாள் காலைல எடுத்தது. சந்தேகம் இருந்தா கடைக்கு வாங்க, பெட்டியைக் காட்டறேன்." அரை மணி நேரத்தில் அழித்தார்கள். மறுபடி எழுதினாள். அவளைத் தடை செய்தார்கள். புருஷன் பெயரில் எழுதினாள், அதையும் தடுத்தபோது மருந்துக்கடைக்காரர் எழுதினார், வாடிக்கைக்காரர்கள் எழுதினார்கள், கடைசியில் போன் பிடிக்கத் தெரியாத மாமியாரே ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எழுதினார். அதே பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு, அதே மாதிரி வாரிக்கொண்டு, நான் பொய் சொன்னேன் என்று தனியாக ஒரு வீடியோவும் போட்டாள். தையல் கையோடு வந்த கவுன் ஒன்றைக் கடை வாசலில் தொங்கவிட்டு, இழுத்துப் பாருங்கள் என்று எழுதி வைத்தாள். மானம் போகிறதே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். போனது போயாச்சு, இனி அவன் மானமும் கொஞ்சம் போகட்டும் என்றாள்.

சும்மா நடந்துவிடவில்லை இதெல்லாம். பொய்க்காரி என்று பேருந்து நிறுத்தத்தில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருவர் கடைக்குள் வந்து, உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் என் மனைவி பணத்தைத் தொலைத்தாள் என்று வெட்டுப் பலகையை அறைந்தார். ஆமாம், நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அவர் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு டீ வாங்கிக் கொடுத்து, அந்த மனைவியை அடுத்த நாள் அழைத்துவரச் சொன்னாள். இப்படி வர ஆரம்பித்தவர்கள்தான் பெஞ்சில் நிறைந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு புதுப் புரட்டைக் கொண்டு வந்தார்கள், அவளும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள்.

ஓரகத்தியும் வந்தாள், ஆனால் அறிவுரை கேட்க இல்லை. தொலைத்த முன்பணத்தை மறுபடி சேர்க்க வேண்டுமே, அதற்காக விடுமுறை நாட்களில் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்து கரை மடித்துத் தைத்தாள். நூல் தீர்ந்தால் நூல் என்பாள், கத்தரி வேண்டுமென்றால் கத்தரி என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

போன மாதம் ஒரு விடுமுறை நாள், உச்சிப் பொழுது, கோட்டே நேரில் வந்து நின்றார். கோட்டோடுதான். பெஞ்சில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று உட்கார்ந்திருந்தது, ஏதோ ஒரு ரெடிமேட் வெப்சைட்டைக் காட்டி, காசு கட்டி வாங்கலாமா என்று விசாரிக்க வந்தவர்கள். கோட்டு அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, வெட்டுப் பலகை மேல் ஒரு தாளையும் இரண்டு செக்கையும் வைத்தார். குரலில் அவ்வளவு பணிவு. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது அம்மா, ஏதோ தவறான புரிதல் நடந்துவிட்டது என்றார். இன்றைக்கே உங்கள் வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுகிறோம், நீங்கள் கட்டிய பணமும் உங்கள் ஓரகத்தி கட்டிய பணமும் முழுசாக இதோ இருக்கிறது, பதிலுக்கு நீங்கள் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். எனக்கு எந்தக் குறையும் இல்லை, இனி இந்த வகுப்பைப் பற்றி எங்கும் எதுவும் பேச மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. வாசலில் தொங்குகிற கவுனையும் எடுத்துவிட வேண்டுமாம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அவளுக்குக் கை நீண்டது. எத்தனை நாள் அழுதிருக்கிறாள் அந்த முகத்துக்காக. நாளையிலிருந்து பேருந்தில் தலைநிமிர்ந்து போகலாம். ஓரகத்தியின் முன்பணம் அப்படியே திரும்பி வந்துவிடும், தன்னால் போனது தன் கையாலேயே வந்ததாக இருக்கும். மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அடுத்தவள் பணத்தை வைத்துக்கொண்டு வீறாப்புக் காட்ட இவளுக்கு என்ன உரிமை இருக்கிறது.

மெஷின் பக்கம் திரும்பினாள். "உன் பணமும் இதுல இருக்கு. எனக்காகப் பாக்காத. வாங்கிக்கலாம்னு நீ சொன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஓரகத்தி மெஷினை நிறுத்தினாள். இவளைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தாள்.

"அக்கா வீடியோவை எடுத்துட்டா அந்த இடத்துல எதை ஓட்டுவீங்க சார்?"

அதெல்லாம் எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், உங்களுக்கு எதற்கு அந்தக் கவலை என்றார் அவர்.

"என்னோடதையா?"

கோட்டு, பாராட்டினால் மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். "உங்களோடது ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. அவங்களதைவிட இயல்பா இருக்கு."

பெஞ்சில் இருந்த பெண் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் பேசியிருக்கேன்க்கா," என்றாள் ஓரகத்தி. "அன்னைக்கு நீங்க கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். பணம் கட்டின மறுநாளே பேசச் சொன்னாங்க. கதவைச் சாத்திக்கிட்டு, போனைச் செவத்துல சாய்ச்சு வச்சு, உங்களை மாதிரியே பேசினேன். வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

இவளுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. அந்த வெட்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாததா. எழுந்து போய் ஓரகத்தியின் தோளில் கையை வைத்தாள். அந்தக் கையை ஓரகத்தி தட்டிவிடவில்லை.

கோட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, செக்கை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். ஓரகத்தி அதை எடுத்துப் படித்தாள். தன் பெயர், தன் பணம், எழுத்துப் பிசகாமல் இருந்தது. நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"எனக்குத் தனி வீடு வேணும் சார். இவங்களோட ஒரே அடுப்படில இன்னும் மூணு வருஷம்னா எனக்கு மூச்சு முட்டும், இவங்களுக்கும் அது தெரியும். ஆனா இதை வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டேன்னா, என்னைப் பாத்துட்டு எவளோ ஒருத்தி தன் வீட்டுப் பணத்தைக் கட்டுவா. நான் வேணாம்னுகூட சொல்ல முடியாது. கையெழுத்து கிடையாது. பணத்தைத் திருப்பித் தர்றதுன்னா தந்துட்டுப் போங்க."

கோட்டின் பணிவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. செக்கை மடக்கிப் பைக்குள் வைத்தார். அப்படியானால் வழக்குப் போடுவேன், என் பெயரைக் கெடுத்ததற்கு நீங்கள் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், இந்தக் கடைகூட மிஞ்சாது என்றார். இவள் ஓரகத்தியின் தோளிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

"போடுங்க. அந்த மாடில இருந்த நாப்பது பேரையும் சாட்சிக் கூண்டுல ஏத்தி, முதல் நாள் காலைல என்ன பேசச் சொன்னீங்கன்னு ஒவ்வொருத்தரா கேப்போம். பயந்தவங்க பயப்படுவாங்க, ஒருத்தராவது வாயைத் திறப்பாங்க. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. என் வீடியோவை எடுக்காதீங்க. எடுத்தா, எவ பதில் பேச மாட்டாளோ அவ மூஞ்சியாப் பாத்துப் போடுவீங்க. எங்க ரெண்டு பேரோடதுமே ஓடட்டும். அது ஓடறதுக்குக் காசு கட்டப் போறது நீங்க. பாத்துட்டு விசாரிக்க வர்றவங்களுக்குப் பதில் சொல்ல நாங்க இங்கதான் உக்காந்திருப்போம்."

எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருப்பீர்கள் என்று பார்க்கிறேன் என்றார் அவர். ஜோடியைப் பார்த்து இன்னொரு தடவை சிரிக்கப் பார்த்தார், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசலில் தொங்கிய கவுன் தலையில் இடிக்க வெளியே போனார்.

அவர் போன பிறகுதான் ஓரகத்திக்கு அழுகை வந்தது. தனி வீடு போச்சே என்று வாய்விட்டு அழுதாள். போச்சுதான், இல்லையென்று யார் சொல்ல முடியும். இவளும் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜோடியை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லையாம், எழுந்திருக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஓரகத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெஷின் மேல் இருந்த நூல்கண்டில் போனைச் சாய்த்து நிறுத்தி, வீடியோ எடுக்கக் கேமராவைத் திறந்து, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கேருந்துக்கா ஆரம்பிக்கட்டும்?" என்றாள்.

"கதவைச் சாத்தினியே," என்றாள் இவள், "அங்கேருந்து."